ஆறு மடங்கு என்றால், எதிலிருந்து ஆறு மடங்கு?

கேள்வி: பாபநாசம் மலையடிவாரத்தில் எடுத்த நிலவேம்பின் சாற்றை ஹெப்ஜி2 கல்லீரல் செல்களுக்கு 24 மணி நேரம் கொடுத்தோம். எம்டிஆர்1 மரபணு ஆறு மடங்கு கூடியதாக வெளி லேப் ரிப்போர்ட் தந்திருக்கிறது. ஆய்வேட்டில் எழுதலாமா? (முதுகலை மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: இப்போது வேண்டாம். உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளும் பம்புக்கான மரபணு எம்டிஆர்1. நஞ்சு, சூடு என்று செல்லுக்குத் தொல்லை வந்தாலும் அது ஏறக்கூடும். உங்கள் சாறு செல்களைச் சாகடித்துக்கொண்டிருந்தாலும் இதே ரிப்போர்ட் வரலாம். முதலில் எம்டிடி (செல் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் சோதனை) பார்த்து, 90 சதவீதத்துக்கு மேல் செல் பிழைக்கும் அளவை எடுங்கள். சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், சாறு போடாத கன்ட்ரோல் கிணறுகளுக்கும் (செல் வளரும் தட்டின் குழிகள்) அதே சதவீதம் டிஎம்எஸ்ஓ போட்டிருக்க வேண்டும்.

அடுத்து, லேபிடம் மூல சிடி எண்களைக் கேளுங்கள். பிசிஆர் கருவியில் ஒரு மரபணுவின் சிக்னல் தெரிய எத்தனை சுற்று ஆனது என்பதே சிடி; ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பாகும், எனவே எண் கூடினால் அந்த மரபணுவின் ஆர்என்ஏ குறைவு. ஆறு மடங்கு என்பது வெறும் 2.6 சிடி வித்தியாசம். உதாரணத்துக்கு, எம்டிஆர்1 இரண்டிலும் 28. ஒப்பீட்டுக்கு வைக்கும் மரபணுவான ஜிஏபிடிஎச் கன்ட்ரோலில் 18, சாறு போட்டதில் 20.6. கணக்குப் போட்டால் ஆறு மடங்கு வரும். எம்டிஆர்1 அசையவே இல்லை, ஜிஏபிடிஎச்தான் விழுந்திருக்கிறது. ஒப்பீட்டுக்கு இன்னொரு மரபணுவும் வேண்டும்.

கல்லூரி வாசலில் கார்டு நீட்டும் லேப் ஏஜென்ட்டுகள் கிராஃப் மட்டும் தருவார்கள், மூல ஃபைல் தர மாட்டார்கள். ஒரே ஃப்ளாஸ்க் செல்லை மூன்று கிணற்றில் போட்டு 'மூன்று முறை செய்தோம்' என்பார்கள். ஒரே பானைச் சோற்றை மூன்று கரண்டியில் எடுத்தால் மூன்று சமையலா? வெவ்வேறு பாசேஜில் (செல்லைப் பிரித்துப் புதுத் தட்டில் வளர்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பாசேஜ்), வெவ்வேறு நாளில் மூன்று தடவை வேண்டும். கையெழுத்துப் போடும் வழிகாட்டிகளும் பைண்டிங்கைத்தான் பார்க்கிறார்கள், சிடியைப் பார்ப்பதில்லை. பிறகு ஏஜென்ட்டை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

எலிக் கல்லீரலிலிருந்து நேரே பிரித்த செல் என்றால் கதை வேறு. தட்டில் ஒட்டிய பிறகு, மருந்தே போடாவிட்டாலும், நாளாக ஆக அதில் எம்டிஆர்1பி (எம்டிஆர்1-இன் எலி வடிவங்களில் ஒன்று) தானாக ஏறும். பூஜ்ய மணி செல்லைக் கன்ட்ரோலாக வைத்தால் வெறும் தண்ணீரையும் மருந்தென்று நிரூபித்துவிடலாம். 24 மணி மருந்துத் தட்டுக்கு 24 மணி வெறுந்தட்டு, 48-க்கு 48. அதுவும் அதே எலி, அதே கொலாஜன் பூச்சு, அதே மீடியம். ஹெப்ஜி2-க்கும் இந்த ஒழுங்கு கெடுதல் செய்யாது.

இவ்வளவும் தேறினாலும் கையில் இருப்பது மரபணுவின் ஆர்என்ஏ நகல் கணக்கு மட்டுமே. பம்பு ஓடுகிறதா என்பதை ரோடமைன் 123 சாயம் காட்டும்: சாறு கொடுத்த செல்லில் சாயம் குறைந்து, பம்பை அடைக்கும் மருந்தான வெராபமில் சேர்த்ததும் மறுபடி தேங்கினால் பம்பு ஓடுகிறது. பாக்கிப் பணத்தை மூல ஃபைல் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.