டீசல் குடிக்காத பழைய டிராக்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பழைய டிராக்டர்லயே கம்மியா டீசல் குடிக்கிறது எது? பேரை மட்டும் சொன்னா தேடி வாங்கிக்கிறேன்.

பதில்: பேர் கேட்டீங்க, சிக்கனத்துக்குப் பேர் வாங்கினதில் ஒன்றைச் சொல்லிடறேன். பெர்கின்ஸ் ஏடி3.152 எஞ்சின் வைத்த மாஸே ஃபெர்குசன் 135. 1960-களின் நடுவில் வந்த வண்டி. மூன்று சிலிண்டர், இரண்டரை லிட்டர், டீசலை நேராக பிஸ்டன் தலைமேலேயே பீச்சும் டைரக்ட் இஞ்செக்‌ஷன். அதற்கு முந்தைய பல எஞ்சின்களில் டீசல் பக்கத்து அறையில் எரியத் தொடங்கி, அப்புறம்தான் சிலிண்டருக்குள் வரும். போகிற வழியிலேயே கொஞ்சம் சூடு வீணாகிவிடும்.

ஆனால் பேரை மட்டும் நம்பிக் கிளம்பிடாதீங்க. வேலைக்குப் பொருந்தாத நல்ல வண்டி, பொருந்துகிற சுமாரான வண்டியைவிட அதிகம் குடிக்கும். முதலில் என்ன கருவி ஓட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க.

கேள்வி: அண்ணே, 5 அடி ரோட்டவேட்டருக்கு 40 எச்.பி. எடுக்கவா, 55 எடுக்கவா? பெரிய வண்டி திணறாது, அதனால டீசல் மிச்சம்னு மாமா சொல்றார்.

பதில்: மாமா சொல்றதுல பாதி சரி, தம்பி. திணறுகிற எஞ்சின் கரும்புகையாகக் காசைக் கக்கும். ஆனால் சும்மா சுற்றுகிற பெரிய எஞ்சினும் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளவே டீசல் கேட்கும். முழுச் சுமையில் முக்கால் பங்கை ஒட்டி ஓடும்போதுதான் டீசல் எஞ்சினுக்கு நல்ல சிக்கனம். அந்த நிலையில், நல்லா இருக்கிற பழைய எஞ்சின் ஒரு எச்.பி.யை ஒரு மணி நேரம் கொடுக்கக் கால் லிட்டரை ஒட்டி எடுக்கும். பி.டி.ஓ.வில், அதாவது வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டில், 24 எச்.பி. வேலை என்றால் மணிக்கு 6 லிட்டர். சுமை கால்வாசிக்குக் கீழே போனால் இந்தக் கணக்கு நிற்காது, செலவு ஏறும்.

வண்டியில் எழுதியிருக்கிற எச்.பி. எஞ்சினுடையது, பி.டி.ஓ.வுக்கு வரும்போது 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிடும். உங்க கருவிக்கு 40 போதும். மண் இறுக்கமென்றால் 45. மாமாவிடம் நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

கேள்வி: பி.டி.ஓ.வுல என்ன பார்க்கணும்? எல்லாத்துலயும் 540 தானே?

பதில்: நிமிஷத்துக்குச் சுற்று 540 தான். அந்த 540 எஞ்சினின் எந்த ஆர்.பி.எம்.மில் வருது என்பதுதான் கேள்வி. சிலதில் 1500-ஐ ஒட்டி வந்துவிடும், சிலதில் 2000-ஐத் தொட்டால்தான் வரும். மருந்து தெளிப்பான், சின்ன பம்பு மாதிரி லேசான வேலைக்கு முதல் வகைதான் லாபம். ஆர்.பி.எம். மீட்டரில் பி.டி.ஓ. குறி எங்கே இருக்குன்னு பாருங்க. பின்னால் வந்த சில வண்டிகளில் எகானமி பி.டி.ஓ. என்று தனிக் கியரே உண்டு. கனமான வேலையில் அதைப் போட்டால் எஞ்சின் அமுங்கிவிடும், அங்கே வேண்டாம்.

இழுவை வேலைக்குப் பி.டி.ஓ. கட்டுப்பாடு இல்லை. கியரை ஏற்றி, ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓட்டுங்க. கரும்புகை வந்தால் ஒரு கியர் இறங்குங்க.

கேள்வி: வாங்கப் போற இடத்துல, அஞ்சு நிமிஷத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: அஞ்சு நிமிஷம் போதாதும்மா, அரை நாள் ஒதுக்குங்க. எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் முன்னாடியே ஓட்டி வைத்திருக்காங்க. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கு. நீலப்புகை ஆயில் எரிவது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை என்றால் டீசல் பீச்சும் நாசில், பீச்சும் நேரமான டைமிங், சிலிண்டர் அழுத்தமான கம்ப்ரெஷன், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

டீசல் பம்பைத் திருகாமல் இருக்க வைத்த சீல் உடைந்திருக்கா என்று கட்டாயம் பாருங்க. பலம் கூடட்டும் என்று திருகி வைத்த பம்பு எவ்வளவு நல்ல எஞ்சினையும் குடிகாரனாக்கிவிடும். முடிந்தால் சமதரையில் நிறுத்தி டேங்கை விளிம்பு வரை நிரப்பி, உங்க கருவியை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்ப நிரப்பி அளங்க. மணிக்கு எத்தனை லிட்டர் என்பதோடு நிறுத்தாம, அந்த லிட்டரில் எவ்வளவு நிலம் முடிஞ்சுதுன்னு பாருங்க.

கேள்வி: வண்டி ஓடின மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டரை நம்பலாமா?

பதில்: இந்த வயசு வண்டியில் அது அலங்காரம். பெடல் தேய்மானத்தைப் பாருங்க.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிட்டா எஞ்சின் சூடாகாதுன்னு மெக்கானிக் எடுத்துட்டார். பரவாயில்லையா?

பதில்: திரும்பப் போடச் சொல்லுங்க, முதல் வேலையா. எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சரியாக வைப்பதே தெர்மோஸ்டாட்தான். எஞ்சின் தண்ணீர் 80 டிகிரியை ஒட்டி இருக்கணும். குளிர்ந்தே ஓடினால் டீசல் முழுசாக எரியாது, ஆயில் கெட்டியாகவே நிற்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். வண்டி சூடாகுதுன்னா ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேன் பெல்ட்டையும் பார்க்கணும். நல்ல பழைய வண்டிகள் பலதை தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிற இந்த ஒரு பழக்கம் கெடுத்திருக்கு.

கேள்வி: கரண்ட் எடுக்க 15 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டர் ஓட்ட எந்த அளவு வண்டி?

பதில்: 15 கே.வி.ஏ. என்றால் ஏறக்குறைய 12 கிலோவாட். கிலோவாட்டுக்கு 2 எச்.பி. வீதம் பி.டி.ஓ.வில் 24. ஆகவே 30 எச்.பி. எஞ்சின். இங்கே ஆக்சிலரேட்டரைக் குறைத்து மிச்சம் பிடிக்க வழியில்லை. சுற்று குறைந்தால் மின் அதிர்வெண்ணும் குறையும். சுற்றைச் சீராக வைக்கும் கவர்னர் ஏறி இறங்காமல் நிற்குதான்னு பாருங்க.

கேள்வி: பெட்ரோல் டிராக்டர் மலிவா கிடைக்குது...

பதில்: கண்காட்சிக்கு வாங்கலாம். அதே வேலைக்கு டீசல் வண்டியைப்போல ஒன்றரை மடங்கை ஒட்டி எரிபொருள் கேட்கும்.

கேள்வி: எஞ்சின், பம்பு எல்லாம் சரி பண்ணியாச்சு. உழவுல இன்னும் அதிகமாத்தான் குடிக்குது.

பதில்: டயரைப் பாருங்க. பின் சக்கரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டு, கலப்பையோடு 10 சுற்று ஓடும் தூரத்தை அளந்துக்கங்க. கலப்பையைத் தூக்கிட்டு அதே தூரத்தை ஓட்டினால் 8.5 முதல் 9 சுற்று வரணும். 8-க்குக் கீழே வந்தால் சக்கரம் வழுக்குது, பின் சக்கரத்துக்கு எடை சேருங்க. 9.5 வந்தால் எடை அதிகம், இறக்குங்க.