கிளம்பிய விமானம் கோளாறு என்று திரும்பினால், உடனே இறங்காமல் ஏன் வானத்திலேயே வட்டமடிக்கிறது?

பெரும்பாலும் எடைதான் காரணம். போயிங் 737-800 சுமார் 79 டன் எடையோடு கிளம்பலாம்; இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். மிச்சம், போகிற வழியில் எரிய வேண்டிய எரிபொருள். பெரிய விமானங்கள் சிலவற்றில் அதை வானிலேயே கொட்டிவிடலாம். 737-இலும் ஏர்பஸ் ஏ320-இலும் அந்த வசதி கிடையாது, சுற்றித்தான் எரிக்க வேண்டும். 2024 அக்டோபரில் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு) கோளாறால் திருச்சி வானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றியது இதற்காகத்தான். டிவிக்காரர்கள் அதை நேரலையில் காட்டிக்காட்டியே ஊருக்கெல்லாம் ரத்தக் கொதிப்பை ஏற்றினார்கள். அத்தனை பேரும் பத்திரமாக இறங்கினார்கள்.

புகை, தீ என்றால் கதை வேறு. எடை கூடுதலாக இருந்தாலும் இறக்கிவிடுவார்கள், அப்புறம் விமானத்தை முழுதாகச் சோதிப்பார்கள்.

கோவையில் எனக்கே இது நடந்திருக்கிறது. மும்பை விமானம். பீளமேட்டில் கிளம்பிய பிறகும் காலடியில் அந்த இரைச்சல் அடங்கவே இல்லை. சக்கரம் உள்ளே மடங்கவில்லையாம். தொங்கும் சக்கரத்தைக் காற்று பிடித்து இழுக்கும், வேகம் எடுக்க முடியாது, எண்ணெயையும் கண்டபடி குடிக்கும். அப்படியே மும்பை போய்ச் சேர முடியாது. பல்லடம் பக்கம் தென்னந்தோப்புகளுக்கும் காற்றாலைகளுக்கும் மேலே சுற்றிக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் கோபியிலிருந்து மகனைப் பார்க்கப் போகும் அம்மா, ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "ஏனுங்க தம்பி, மறுக்கா அதே காத்தாடிதானுங்களே தெரியுது?" என்றார். "ஆமாங்கம்மா, திரும்பிப் போறோமுங்க" என்றேன். "அப்படியா? பையனுக்குப் பலகாரம் வச்சிருக்கனே" என்பதுதான் அவர் கவலை.

அறிவிப்பு தாமதமாக வந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு விமானி ஓட்டுவார், இன்னொருவர் அந்தக் கோளாறுக்கான சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாகப் படித்துச் செய்வார். தரைக் கட்டுப்பாட்டோடும் பேச வேண்டும். நம்மிடம் பேசுவது அதற்கெல்லாம் அப்புறம்தான். ஓடுபாதை ஓரம் தீயணைப்பு வண்டிகள் நிற்பதைப் பார்த்தும் பலர் கலங்கிப்போகிறார்கள். கனமாக இறங்கினால் பிரேக் பழுக்கச் சூடேறும், முன்னேற்பாடாக நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

விமானிகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வயிறெரிந்தது தரைக்கு வந்த பிறகுதான். மாற்று விமானம் எப்போது என்று கவுன்டரில் கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள், கடைசியில் கிளம்பியது அவற்றில் எதிலும் இல்லை.