ஓடாத பிராசஸர், ஓயாத சூடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மேலூரில் ஜெராக்ஸ் கடை, ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறேன். ஒருநாள் கரண்ட் போய் வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது. டாஸ்க் மேனேஜரில் வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது. பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்தும் பலனில்லை.

பதில்: அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' 100 சதவீதம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விண்டோஸ் மேல் தப்பில்லை. அடுத்து விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் 37 என்ற எண்ணைத் தேடுங்கள். கெர்னல் பிராசஸர் பவர் என்ற பெயரோடு அது வந்திருந்தால், வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். மதர்போர்டிலிருந்து 'சூடு' என்று சிக்னல் வந்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள அடிமட்ட வேகத்துக்கு இறங்கிவிடும். உள்ளே சில்லென்று இருந்தாலும், போர்டில் பழுது வந்தால் இந்த சிக்னல் பொய்யாக வரும்.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டு செட்டிங்ஸ் திரை) டீஃபால்ட் செட்டிங்ஸ் ஏற்றுங்கள். அதற்கு முன் அங்கே சாட்டா மோடு (ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறை) என்ன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அது மாறினால் விண்டோஸ் ஏறாது. தேதியும் பின்னால் போய் நின்றால் மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 'சூடு' சிக்னலையே முடக்கும் மென்பொருள்கள் உண்டு. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது கை அரிக்கும், தெரியும். ஆனால் சூடு நிஜமாக இருந்தால் பிராசஸர் போர்டோடு போய்விடும். காரணம் தெரியாமல் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: சிம்மக்கல்லில் மாடியறையில் டிடிபி வேலை. சித்திரை வெயிலில் ஃபேன் அலறுகிறது. மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்யலாம். அந்த ஒரு சதவீதத்தைக் குறைத்தாலே பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களில் டர்போ வேகம் (வேலை கூடும்போது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஏறுவது) நின்றுவிடும். சூடும் சத்தமும் நன்றாகக் குறையும். பெரிய ஃபிளெக்ஸ் ஃபைலைச் சேமிக்கும்போது தாமதம் தெரியும், பத்திரிகை வடிவமைப்பில் அநேகமாகத் தெரியாது. ஆனால் முதலில் கம்ப்யூட்டரைத் திறந்து, பிராசஸர் மேலுள்ள ஹீட்சிங்க்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) பாருங்கள். மாடியறைத் தூசி அதில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க்குக்கும் பிராசஸருக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். 'சிஸ்டம் கூலிங் பாலிசி' ஆக்டிவ்வில் இருக்கட்டும்: முதலில் ஃபேன் வேகம் கூடும், பிறகுதான் பிராசஸர் குறையும். பேசிவ் என்றால் இது தலைகீழ்.

கேள்வி: திருநகர். வேலை செய்யும்போது ஒன்றுமில்லை, சும்மா விட்டால் சட்டென்று அணைந்துவிடுகிறது. நான்காம் தலைமுறை ஐ5. எஸ்எம்பிஎஸ் அதற்கும் முந்தைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தது.

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். 2013இல் வந்த அந்தத் தலைமுறை, சும்மா இருக்கும்போது 12 வோல்ட் லைனில் வெறும் 0.05 ஆம்பியர் வரை இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ்கள் பல இவ்வளவு குறைந்த லோடைத் தாங்காமல் அணைந்துவிடும். பயாஸில் சி6, சி7 ஸ்டேட்களை (பிராசஸரின் ஆழ்ந்த தூக்க நிலைகள்) மட்டும் நிறுத்திப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் குற்றவாளி அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்தான், அதை மாற்றுங்கள்.

கேள்வி: மினிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100 ஆக்கினால் வேகம் கூடுமா? (திருமங்கலம்)

பதில்: கூடாது. வேலை வந்தால் பிராசஸர் சில மில்லி வினாடிகளில் மேலேறிவிடும். 5 சதவீதத்திலேயே விடுங்கள்.