இலவசம் வேறு, கட்டற்றது வேறு

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம், அதன் மூலநிரலும் (நிரலர் எழுதிய மூல வடிவமும்) எல்லோர் பார்வைக்கும் கிடைக்கிறது. பிறகு அதற்கு உரிமம் எதற்கு? நான் எழுதிய சிறு நிரல் ஒன்றை வெளியிட எண்ணியிருப்பதால் கேட்கிறேன்.

பதில்: நிரலை எழுதியவுடனேயே அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு உரியதாகிவிடுகிறது. அவர் அதை இணையத்தில் வைத்தார் என்பதற்காகப் பிறர் அதைத் திருத்தவோ விநியோகிக்கவோ உரிமை பெற்றுவிடுவதில்லை. அந்த அனுமதியை எழுத்தில் தருவதே உரிமம்.

ஆங்கிலத்தில் இலவசம், கட்டற்றது இரண்டுக்கும் ‘ஃப்ரீ’ (free) என்ற ஒரே சொல்லாக இருப்பதால் வரும் குழப்பம் தமிழில் நமக்கு வேண்டியதில்லை: இலவசம் என்பது விலையைப் பற்றியது, கட்டற்றது என்பது பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் உள்ள உரிமையைப் பற்றியது. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983இல் அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் (குனு பொது உரிமம்) என்ற உரிமத்தில், அதன்கீழ் உள்ள நிரலையோ அதன் திருத்திய வடிவத்தையோ பிறருக்கு வழங்குபவர் அதே உரிமைகளையும் மூலநிரலையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) முதல் உரிமம், பணம் வாங்கிக்கொண்டு விநியோகிப்பதைத் தடுத்தது. 1992இல் அவர் ஜிபிஎல்லுக்கு மாறிய பிறகே அதை விற்கவும் வழி பிறந்தது.

நிபந்தனையின் வலிமையை ஒரு கருவியிலேயே காணலாம். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இயங்குவதை 2003இல் ஆர்வலர்கள் கண்டறிந்து, உரிமப்படி மூலநிரலைக் கேட்டனர். நிறுவனம் வெளியிட்ட அந்த நிரலிலிருந்துதான் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் இயங்குதளம் வளர்ந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட ரவுட்டர்கள் பலவற்றை அது இன்றும் பாதுகாப்புத் திருத்தங்களோடு இயக்குகிறது. உரிமம் இல்லாதிருந்தால் கேட்டவர்களுக்கு வேண்டுகோள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பிஎஸ்டி, எம்ஐடி உரிமங்களும் கட்டற்றவையே. ஆனால் அவற்றின்கீழ் உள்ள நிரலை மூலநிரலை வெளியிடாத மூடிய மென்பொருளுக்குள்ளும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் உழைப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்க வேண்டுமென்றால் ஜிபிஎல்லையே பரிந்துரைப்பேன். அதன் முழு வாசகத்தையும் ஒரு கோப்பாக நிரலோடு இணைத்து, ஒவ்வொரு மூலநிரல் கோப்பின் தலைப்பிலும் உங்கள் பெயரையும் ஆண்டையும் உரிமத்தின் பதிப்பு எண்ணையும் குறித்துவிட்டு வெளியிடுங்கள்.