கண்ணில் விட்ட சொட்டு நெஞ்சுக்குப் போகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. 20 வருடமாக ஆஸ்துமா. புடெசொனைடும் ஃபார்மோடெராலும் கலந்த இன்ஹேலரைத் தினமும் இரண்டு வேளை எடுக்கிறார். இளைப்பு வந்தால் சால்பியூட்டமால். இரண்டு மாதத்துக்கு முன் கண் அழுத்த நோய் என்று சொல்லி டிமோலால் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இப்போது ராத்திரியில் இருமுகிறார், படியேறினால் மூச்சு வாங்குகிறது. சால்பியூட்டமால் முன்போல் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா? கண் மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: ஆஸ்துமா இருப்பவர்களுக்கு டிமோலால் கொடுக்கக் கூடாது. இப்போது மூச்சு நன்றாக இருந்தாலும், முன்பு ஆஸ்துமா இருந்திருந்தாலே தவிர்க்க வேண்டிய மருந்து அது. நீங்கள் எழுதியிருக்கும் இருமலும் இளைப்பும் அதனால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் இன்றைக்கே கண் மருத்துவரிடம் பேசுங்கள், மாற்று மருந்து கேளுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் ஆஸ்துமாவுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். இளைப்பு இருக்கும்போது அடுத்த சொட்டை விட வேண்டாம். ஒருவேளை பேசக்கூட முடியாமல் மூச்சு முட்டினாலோ, உதடு நீலமானாலோ, சால்பியூட்டமால் எடுத்தும் அடங்காவிட்டாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே கண் மருந்துப் புட்டியைக் காட்டுங்கள். டிமோலால் உடம்பில் இருக்கிறது என்று தெரிந்தால், வேறு வழியில் மூச்சுக்குழலைத் திறக்கும் இப்ராட்ரோபியம் போன்ற மருந்தைச் சேர்ப்பது பற்றி அவர்கள் உடனே யோசிக்க முடியும்.

கண்ணில் விட்டது நெஞ்சை எப்படிப் பிடிக்கும் என்று பலருக்கும் சந்தேகம் வரும். சொட்டு விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பது சிலருக்குத் தெரிந்திருக்கும். மருந்து போகும் வழி அதுதான். ஒரு சொட்டு, கண் தாங்குகிற அளவைவிடப் பெரியது. மிச்சம் கண்ணின் உள்மூலையில் இருக்கும் கண்ணீர்த் துளை வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. மூக்கின் மெல்லிய சவ்வு அதை நேராக ரத்தத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. மாத்திரையாக விழுங்கியிருந்தால் முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே ஒரு பங்கு சிதைந்திருக்கும். மூக்கு வழியாகப் போவதற்கு அந்தத் தடை கிடையாது. 0.5 சதவீத டிமோலாலில் ஒரு சொட்டில் இருப்பது சுமார் 0.2 மில்லிகிராம்தான். அந்தக் கொஞ்சமே ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழலைச் சுருக்கப் போதும். முதல் சொட்டிலேயே மூச்சுத்திணறல் வந்தவர்களும் உண்டு.

அப்புறம் இன்ஹேலர் ஏன் கேட்கவில்லை? மூச்சுக்குழல் தசைகளில் பீட்டா 2 ஏற்பிகள், அதாவது மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள், இருக்கின்றன. சால்பியூட்டமாலும் ஃபார்மோடெராலும் அவற்றில் போய் உட்கார்ந்தால்தான் தசை தளரும். டிமோலால் பீட்டா பிளாக்கர் வகை. கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்க அது பீட்டா ஏற்பிகளை அடைக்கிறது. ஆனால் கண்ணில் இருப்பது எது, நெஞ்சில் இருப்பது எது என்று அது பார்ப்பதில்லை. துண்டு போட்டு இடம் பிடித்ததுபோல் அங்கேயும் உட்கார்ந்துகொள்கிறது. இன்ஹேலர் மருந்து வந்து சேரும்போது இடம் இருப்பதில்லை. கேட்கவில்லையே என்று சால்பியூட்டமாலைக் கூட்டிக்கொண்டே போனால் படபடப்பும் கை நடுக்கமும்தான் மிஞ்சும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த மாற்றம் மெதுவாக வருவதுதான். வயதானவர் இருமினால் குளிர் என்கிறோம், மூச்சு வாங்கினால் வயசு என்கிறோம். கண் சொட்டு யாருக்கும் நினைவுக்கு வருவதே இல்லை. என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால், சொட்டு மருந்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் சொல்பவர்கள்தான் நிறையப் பேர். கண் மருத்துவரிடம் இன்ஹேலரைச் சொல்வதும் அப்படியே விட்டுப்போகிறது. அடுத்த முறை போகும்போது இன்ஹேலரையும் சொட்டு மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிமோலாலை நிறுத்தலாம், சிகிச்சையை நிறுத்தக் கூடாது. கண் அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலியாகத் தெரியாது. இழந்த பார்வை திரும்பவும் வராது. மாற்று மருந்துக்காக ஓரிரு நாள் ஆனால் பயப்பட வேண்டாம், டிமோலாலின் வேலை கண்ணில் உடனே மறைந்துவிடாது. மாற்று நிறையவே இருக்கிறது. லட்டனோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட் வகைகளை இரவில் ஒரு சொட்டு விட்டால் போதும், பொதுவாக மூச்சுக்குழலைத் தொந்தரவு செய்வதில்லை. பிரின்சோலமைட், டார்சோலமைட் சொட்டுகளும் உண்டு, சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரிமோனிடினும் ஒரு வழி. சிலருக்கு லேசர் சிகிச்சை சொட்டின் தேவையையே தள்ளிப்போடும். பீட்டாக்சலால் என்ற சொட்டு மூச்சுக்குழலை ஓரளவு விட்டுவைக்கும் என்றாலும் அதுவும் பீட்டா பிளாக்கர்தான். ஆஸ்துமாக்காரருக்கு நான் அதைத் தேடிப்போக மாட்டேன்.

புதுப் புட்டி வாங்கும்போது லேபிளைக் கட்டாயம் படியுங்கள். டார்சோலமைட், பிரிமோனிடின், லட்டனோபிராஸ்ட் ஆகியவற்றோடு டிமோலாலைக் கலந்த சொட்டுகளும் விற்கின்றன. வணிகப் பெயரில் டிமோலால் தெரியாது, கீழே சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

எந்தச் சொட்டாக இருந்தாலும், விட்ட பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் 2 நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ரத்தத்துக்குப் போகும் அளவு நன்றாகக் குறையும். சரி, இப்படி அழுத்தினால் டிமோலாலையே தொடரலாமா என்றால், கூடாது. குறைந்த அளவும் ஆஸ்துமாவுக்கு அதிகம்தான்.

இன்ஹேலரால் கண்ணுக்குக் கெடுதல் வருமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். புடெசொனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை அதிக அளவில் பல வருடம் எடுத்தால் சிலருக்குக் கண் அழுத்தமோ புரையோ வரலாம். அதற்காகப் புடெசொனைடை நிறுத்த வேண்டாம். கண் மருத்துவரிடம் சொல்லி அழுத்தத்தை அவ்வப்போது அளந்து பார்த்தால் போதும். நெபுலைசரில் இப்ராட்ரோபியம் வைப்பதாக இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. முகமூடி சரியாகப் பொருந்தாமல் புகை கண்ணில் பட்டால், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வடிகால் கோணம் குறுகியவர்களுக்கு அழுத்தம் திடீரென்று ஏறிக் கண் சிவந்து கடுமையாக வலிக்கும். அம்மாவின் கோணம் எப்படி என்று கண் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். முகமூடிக்குப் பதிலாக வாயில் கவ்விக்கொள்ளும் குழாயைக் கொடுத்தால் புகை கண் பக்கம் போகாது.