எழுமாறாக ஒதுக்கப்படுவீர்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

நான் கொழும்பில் இருக்கும் மருத்துவர். வயது முப்பத்திரண்டு. இரண்டு வருடமாக மறதி நோய்க்கான ஒரு மருந்தாய்வில் ஆய்வு மருத்துவராக வேலை செய்கிறேன். நோயாளிகளைச் சோதிப்பேன், கேள்வி கேட்பேன், புள்ளி போடுவேன், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவேன். யாருக்கு மருந்து போகிறது, யாருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை போகிறது என்று எனக்கே தெரியாது. மூன்று மாதத்துக்கொரு தரம் வரும் ஓர் ஐயா என் கையைப் பிடித்து, "உங்கட மருந்தாலதான் பிள்ளை நான் நிக்கிறன்" என்கிறார். அவர் சரிந்துகொண்டு போவது என் புள்ளிகளில் தெரிகிறது. ஏமாற்றுகிறேனோ என்று நித்திரை வருவதில்லை. இத்தனைக்கும் ஒப்புதல் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். எல்லாம் தமிழில்தான் இருக்கிறது.

"படிச்ச படிப்புக்கு இது கிளார்க் வேலை" என்கிறா அம்மா. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். நானும் போவதா? இந்த மனிதர்களைப் பற்றிக் கதை எழுதலாமா? மருத்துவம் பற்றிய நல்ல நாவல்கள் சில சொல்வீர்களா?

(பெயர் வேண்டாம்)
வெள்ளவத்தை

*

அன்பின் பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் ஒரு சீஆர் கொப்பி கிடந்தது. வீடு மாறுவதற்குப் பெட்டி கட்டும்போது அகப்பட்டது. பெரியம்மாவின் சீட்டுக் கணக்கு. அது கண்ணில் பட்டிருக்காவிட்டால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன்.

முதலில் சில்லறைகளை முடித்துவிடுகிறேன். வெளிநாடு போவதா என்பதை என்னிடம் கேட்காதீர்கள், காலி வீதி நெடுக முகவர்கள் கடை திறந்து வைத்திருக்கிறார்கள். நாவல் பட்டியல் தரமாட்டேன். நித்திரை வராத பிள்ளைக்கு நாவலா? கதை எழுதலாமா என்கிறீர்கள். அவர்கள் ஒப்பம் வைத்தது இரத்தம் எடுப்பதற்கு. கதை எடுப்பதற்கு வேறு ஒப்பம் வாங்குங்கள்.

அம்மாவின் 'கிளார்க் வேலை'க்கு மட்டும் ஒரு பதில் உண்டு. 1901 நவம்பரில் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட்டில், மறதி கண்ட ஆகுஸ்ற டேற்றர் என்ற 51 வயதுப் பெண்ணை அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் (பிறகு அந்த நோய்க்கு வைத்தது அவர் பெயரைத்தான்) பார்த்தபோது, அவர் கையில் அதற்கு மருந்து எதுவும் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டார், எழுதினார். உங்கள் பெயர்? ஆகுஸ்ற. கணவரின் பெயர்? ஆகுஸ்ற என்றுதான் நினைக்கிறேன். பன்றி இறைச்சியும் கோலிபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க, 'கீரை' என்றாராம். அதையும் எழுதி வைத்தார். 1906இல் அந்தப் பெண் இறந்தார். அதே வருடம் நவம்பரில் அல்சைமர் ரியூபிங்கன் நகரில் அவரைப் பற்றிப் பேசினார். அந்தக் குறிப்புத் தாள்கள் 1990களில் திரும்ப அகப்பட்டபடியால்தான் ஆகுஸ்ற என்ன சாப்பிட்டார் என்று நான் இன்றைக்கு வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

வெறும் குளிசைக்காக நித்திரை முழிக்கவும் தேவையில்லை. மறதி நோய்க்கு நாளத்தில் ஏற்றுகிற லெகனெமாப் என்ற மருந்தின் ஆய்வுக் கணக்கு என்னைவிட உங்களுக்குத் தெரியும். 1,795 பேர், 18 மாதம். நோயின் கடுமையை அளக்கிற 18 புள்ளி அளவையில், மருந்து ஏறினவர்கள் 1.21 புள்ளி சரிந்தார்கள், வெறும் திரவம் ஏறினவர்கள் 1.66. வித்தியாசம் 0.45. இரண்டு பக்கமும் சரிவுதான். வெறும் திரவம் ஏற்றிக்கொண்டவர்கள் இல்லாவிட்டால் அந்த அரைப் புள்ளியை யார் கண்டிருப்பார்கள்? உங்கள் ஐயாவுக்கு விழுந்தது வெறும் குளிசையாகவே இருந்தாலும், அவர் வந்து போவது வீண் இல்லை.

இனித்தான் கோபம். "எல்லாம் தமிழில்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் என் பிளேன்டீ ஆறிப்போனது.

அப்படியான படிவங்களில் சிலதை நான் வாசித்திருக்கிறேன். 'நீங்கள் எழுமாறாக ஒரு குழுவிற்கு ஒதுக்கப்படுவீர்கள்.' எழுமாறு என்பது ஆங்கில random-க்குப் பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்துச் சொல், எழுபது வயது மனுசிக்கு அது எந்தக் காலத்திலும் காதில் விழுந்ததில்லை. ஒதுக்கப்படுவது விழுந்திருக்கிறது. கலியாண வீட்டில் ஒதுக்குவார்கள், ஊரில் ஒதுக்குவார்கள், புத்தி தடுமாறத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே ஒதுக்குகிறார்கள். இப்போது டொக்டரும் அச்சடித்த தாளைக் காட்டி ஒதுக்கப்போகிறேன் என்கிறார். 'பாரதூரமான பாதக நிகழ்வு' என்று இன்னொன்று. பாதகம் என்றால் நம் சனத்துக்குப் பழி பாவம் சேர்ந்த சொல், மருந்து குடித்து ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கு யாராவது பாதகம் என்பார்களா? வெறும் குளிசைக்குப் பெயர் 'போலி மருந்து'. போலி என்றால் கள்ள நோட்டு. 'நரம்புச் சிதைவு' என்று வாசித்துக் காட்டினால், நரம்புத் தளர்ச்சிக்கு மதிலில் ஒட்டியிருக்கும் விளம்பரம் ஞாபகம் வந்து கிழவர் மகளுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'பங்குபற்றுநர்' என்பது எனக்குப் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி.

மொழிபெயர்த்த தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறோம் என்பீர்கள். அந்தச் சோதனைதான் பிழையை வளர்க்கிறது, பிள்ளை. சொல்லுக்குச் சொல் போட்ட மரத்தமிழ் எந்தச் சேதமும் இல்லாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பும். அது ஆங்கிலத்தை விட்டு வெளிக்கிட்டதே இல்லையே! ஒரு கிழவிக்கு விளங்குகிற மாதிரி ஒருவர் எழுதியிருந்தால், 'மூலத்தில் இல்லாத சொற்கள்' என்று அதைத்தான் வெட்டுவார்கள். ஒத்துப்பார்க்கிற மேசையில் ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒப்பம் வைக்கப்போகிறவர் அந்த மேசையில் இல்லை.

தமிழில் மருத்துவம் எழுத வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். தன் மாணவர்களோடு சேர்ந்து ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் 1872இல் வந்தது. கெமிஸ்ரிக்கு ஏற்ற சொல் அகப்படாதபோது வெட்கப்படாமல் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தமிழ் இன்றைக்குக் கரடுமுரடாகத் தெரியலாம், ஆனால் கத்தி பிடிக்கப்போகிறவனுக்கு விளங்கவேண்டும் என்று எழுதினது.

நோயின் பெயரே நம்மிடம் சரியாக இல்லை. வீட்டில் 'அறளை பேர்ந்திட்டுது' என்போம். அது ஏச்சு. படிவத்தில் 'அறிவாற்றல் குறைபாடு' என்போம். அது ஒருவருக்கும் விளங்காது. பெரியம்மா தன் நோய்க்குத் தானே ஒரு சொல் வைத்திருந்தா. "பேர் வாய்க்கு வரமுன்னம் வழுக்குது மோனை." உங்கள் அளவையில் 'வழுக்குது'க்குப் பெட்டி இருக்கிறதா?

பெரியம்மா முப்பது வருடம் இந்த வெள்ளவத்தையில் சீட்டுப் பிடித்தவ. குலுக்குச் சீட்டு. மாதத்தில் முதல் ஞாயிறு பின்னேரம், கடற்கரை ரெயில் போகும் சத்தத்துக்கு யன்னல் கண்ணாடி அதிர, பெயர் எழுதின துண்டுகளைச் சுருட்டி ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு, காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்குவா. பிறகு அங்கே நிற்கிற சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு துண்டை எடுக்கச் சொல்லுவா. தான் தொடமாட்டா. தொட்டால் சனம் கதைக்கும்.

2011இல் ஒரு வைத்தியசாலையில் அவவைச் சோதித்தார்கள். நான் கூடப் போனேன். சின்ன வயது டொக்டர், உங்களைப்போலப் பொறுமையான பிள்ளை. "இப்ப என்ன பருவகாலம் அம்மா?" பெரியம்மா யோசிக்கவே இல்லை. "கறுத்தக்கொழும்பான் காலம்." யூன் மாதம், அந்த மாம்பழம் பழுக்கிற காலம், அச்சொட்டான பதில். டொக்டர் பேனாவைத் தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுச் சைபர் போட்டார். "நூறில ஏழு போனா எவ்வளவு?" பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஆர் கொண்டு போனது?" அதற்கும் சைபர்.

அதே கிழமை வீட்டில் கீரைக்காரன் மிச்சக் காசு இருபது ரூபா குறையக் கொடுக்க, படியால் இறங்கிப் போய் வாங்கிக்கொண்டு வந்தா.

பிறகு ஓர் ஆய்வில் சேர்க்கலாம் என்றார்கள். பதினாலு பக்கத் தாள். நான் இரண்டு பக்கம் வாசித்தேன். மொழியைத் தின்று சீவிக்கிற எனக்கே மூன்றாம் பக்கத்தில் தலை இடித்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பெரியம்மாவின் விரலைப் பிடித்துக் காட்டி, அவவின் ஒப்பத்தை வாங்கி, பக்கத்தில் என்னுடையதையும் வைத்தேன். "என்ன பேப்பர் மோனை?" என்று கேட்டா. வாழ்நாள் முழுக்க வாசிக்காமல் ஒரு தாளில் ஒப்பம் வைக்காத மனுசி. "ஒண்டுமில்லை, சத்துக் குளிசைக்கு" என்றேன். ஏமாற்றின கதை வேண்டுமென்றால் இதுதான், உங்களுடையது இல்லை. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார்கள். அவவுக்கு விழுந்தது மருந்தா வெறும் குளிசையா என்று நான் கேட்கவும் இல்லை.

குளிசைப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த முதல் நாள், பெரியம்மா அதைக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கினா. பிறகு மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினா. "ஒண்டை எடு மோனை, இந்த முறை ஆருக்கு விழுந்திருக்கெண்டு பாப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அறளை என்று நினைத்தேன். இந்தக் கிழமை கொப்பியைப் புரட்டும்போதுதான் உறைத்தது. அந்தப் படிவத்தின் பதினாலு பக்கத்தையும் அவவுக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்:

'அம்மா, இந்த மருந்து வேலை செய்யுமோ எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைப் பாக்கத்தான் இந்த ஆய்வு. சேருற ஆக்களைச் சீட்டுக் குலுக்கிற மாதிரி ரெண்டாப் பிரிப்பம். ஒரு பக்கத்துக்கு மருந்து, மற்றப் பக்கத்துக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. பாத்தா ரெண்டும் ஒண்டுபோலத்தான். உங்களுக்கு எது விழுந்ததெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தலை சுத்தினா, விழுந்தா, என்ன வித்தியாசமெண்டாலும் உடன சொல்லுங்கோ. வேண்டாமெண்டா எப்பவும் நிப்பாட்டலாம். அதுக்காக உங்கட மற்ற வைத்தியம் குறையாது.'

ஒரு சொல்லை மாற்றினாலும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும் என்று நீங்கள் வாய் திறப்பது தெரிகிறது. கேளுங்கள். மாதக் கணக்கில் இழுக்கும் என்றால் இழுக்கட்டும். அதுவரைக்கும் படிவத்தை வாசித்து முடித்த பிறகு, "நான் இப்ப என்ன சொன்னனான், உங்கட வாயால சொல்லுங்கோ" என்று கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. "உங்கட மருந்தாலதான் நிக்கிறன்" என்கிற அந்த ஐயாவிடமிருந்தே தொடங்குங்கள். அவர் சொல்லுகிறதை அப்படியே எழுதிவையுங்கள்.

எழுமாறு வருகிற பக்கத்தை எனக்கு அனுப்பலாமா என்று உங்கள் மேலிடத்தில் கேட்டுப் பாருங்கள். ஐயா அடுத்த முறை எப்போது வருகிறார்? அதற்கு முதல் கிடைத்தால் நல்லது.