கட்டு பிரிக்கும்போது வலியைக் குறைக்க நர்ஸ் என்ன செய்ய முடியும்?

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது, மருந்து தவிர வலியைக் குறைக்க நர்சுகள் ஏதாவது செய்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பர்ன்ஸ் வார்டில் ஒன்பது வருஷம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். இவை எதுவும் வலி ஊசிக்கு மாற்று இல்லை. ஊசி போட்டு, அது வேலை செய்ய நேரம் கொடுத்துவிட்டுத்தான் கட்டில் கை வைப்போம். அதற்கு மேல் இதெல்லாம்.

ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கொதிக்கிற ரசம் கொட்டித் தொடை வெந்திருந்தது. டிரெஸ்ஸிங் ட்ராலியின் சக்கரச் சத்தம் கேட்டாலே அழுகை. வரப்போகும் வலியை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு வலி கூடுதலாகத்தான் தெரியும். "நீ கை தூக்கினா நிறுத்திடுவேன், பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் தொடமாட்டேன்" என்றேன். நம்பவில்லை. அரை நிமிஷத்திலேயே கை தூக்கிப் பார்த்தான். நிறுத்தினேன். திரும்பவும் தூக்கினான், திரும்பவும் நிறுத்தினேன். "சட்டுனு முடிச்சிடுங்க சிஸ்டர்" என்று அவன் அம்மா கெஞ்சினார். அன்றைக்கு வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆனது. நான்காம் நாள், கையுறை மாட்டிக்கொண்டு சிரிஞ்சால் சலைன் விட்டு, காயத்தின் மேல் வைத்திருந்த காஸ் துணியை அவனே நனைத்தான். கடைசி அடுக்கையும் அவனே பிரித்தான். "நீங்க இழுத்தாதான் வலிக்குது" என்று எனக்குத் திட்டு வேறு!

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது, நிறுத்தும் அதிகாரத்தை நோயாளி கையில் கொடுப்பது. "வலிக்கவே வலிக்காது" என்று பொய் மட்டும் சொல்லக்கூடாது. ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் நம்மை நம்பவே மாட்டார்கள்.

கவனத்தைத் திருப்புவதும் உதவும். குழந்தைக்குச் சோப்புக் குமிழி ஊதக் கொடுத்தால் நீளமாக மூச்சு விடுவதும் தானாக நடந்துவிடும். பெரியவர்களுக்கு அவரவருக்குப் பிடித்த பாட்டு. நமக்குப் பிடித்தது அல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் 'ஸ்னோவேர்ல்ட்' என்ற விஆர் விளையாட்டையே (கண்ணை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு, அந்த இடத்திலேயே இருப்பதுபோல் ஆடுவது) உருவாக்கினார்கள். நர்ஸ் காயத்தைச் சுத்தம் செய்ய, நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பென்குவின்கள் மேல் பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் வலி குறைவாகத் தெரிந்ததாக நோயாளிகளே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வார்டில் அதற்கு எங்கே போவது, யாராவது ஒருவருடைய போன்தான்.

இன்னொன்று, முழுக் காயத்தையும் ஒரேயடியாகத் திறந்து போட மாட்டோம். காற்று பட்டால் எரியும், உடம்பும் நடுங்கும். ஒரு பகுதியை முடித்து மூடிவிட்டு அடுத்த பகுதிக்குப் போவோம்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டில் நீங்கள்தான் கட்டு மாற்றப் போகிறீர்கள் என்றால், எதால் நனைப்பது என்று வார்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். புதிதாக வளர்கிற தோலும் கூடவே வந்துவிடும். மறுபடி நனைத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிஷம் பொறுங்கள்.